உரித்து வைத்தவள்

மாஸ்டர் உட்காரும் பக்கத்தில் ஸ்டியரிங் கிடையாது, பிரேக் மட்டும் உண்டு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டிகள் எல்லாமே அப்படித்தான். பழகுகிறவர் வண்டியைச் சுவரில் கொண்டுபோய்ச் செருகினாலும் சரி, கடைக்குள் விட்டாலும் சரி, பக்கத்தில் இருப்பவர் செய்யக்கூடியது நிறுத்துவது ஒன்றுதான். திருப்ப முடியாது, முன்னால் கொண்டுபோக முடியாது. கல்யாண வயதில் தொடங்கி நாற்பது தாண்டியும் இதே வேலையைச் செய்கிறவளுக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்தால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஆனால் மாஸ்டர் யாரையும் திட்டமாட்டாள். பெருமூச்சு விடுவாள், அவ்வளவுதான். கிளட்சை டபக்கென்று விட்டு வண்டி குலுங்கி நின்றால் ஒரு பெருமூச்சு. இடதுபக்கம் கைகாட்டிவிட்டு வலதுபக்கம் திரும்பினால் சற்று நீளமான பெருமூச்சு. அதற்குப் பதிலாக நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று அழுதவர்கள் உண்டு. இன்னொன்றும் அவளிடம் விசேஷம். மற்ற மாஸ்டர்கள் எல்லாம் தடுமாறுகிறவர்களைப் பார்த்து "பழகிடும், பழகிடும்" என்று தேற்றுவார்கள். அந்த வார்த்தை மட்டும் இவள் வாயில் வராது. அது ஏன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. கதை அவள் பிறந்த அன்றைக்கே ஆரம்பிக்கிறது, அவளைக் கேட்காமல்.

பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து காட்டியதும் முதலில் எட்டிப் பார்த்தது அத்தை. அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. குழந்தைக்குக் கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை. "என் அண்ணனை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு" என்று அத்தை தீர்ப்பு சொல்லிவிட்டாள். பொய்யும் சொல்லவில்லை. நடுவில் சேர்ந்துகொண்ட அடர்த்தியான புருவம், பரந்த மூக்கு, நெற்றி ஓரத்தில் எந்தச் சீப்புக்கும் படியாத ஒரு சுழி, உள்பக்கமாக வளைந்த சுண்டுவிரல், எல்லாம் அப்பாவுடையது. நாலு வருஷம் கழித்துத் தம்பி பிறந்தபோது அதே அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, இது அவங்கம்மா ஜாடை என்று சற்று சலிப்போடு சொல்லிவிட்டு நகர்ந்தாளாம். வட்ட முகம், மெல்லிய புருவம், கன்னத்தில் குழி. ஆளுக்கு ஒன்று என்று பங்கு பிரித்தது போலாகிவிட்டது. பங்கு பிரித்தவர்களுக்குத் திருப்தி.

அப்பா நெடுந்தூர லாரி ஓட்டுபவர். போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். வந்தால் மகளை மடியில் உட்காரவைத்து, நிறுத்தி வைத்த லாரியின் ஸ்டியரிங்கை அவள் கையில் கொடுத்துவிடுவார். பார்க்கிறவர்கள் எல்லாம், பெரிய டிரைவரும் சின்ன டிரைவரும் என்று சிரிப்பார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. அப்பா மாதிரி இருப்பதைவிடப் பெரிய காரியம் உலகத்தில் இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்பாவுடைய லாரியைத் தான் ஓட்டப்போவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அவள் பள்ளிக்கூடம் முடிக்கிற சமயத்தில் அப்பா படுத்துவிட்டார். முதலில் தலைவலி, பிறகு ரத்த அழுத்தம், பிறகு கால் வீக்கம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் இரண்டு சிறுநீரகத்திலும் கொத்துக்கொத்தாக நீர்க்கட்டிகள். உள்ளங்கையளவு இருக்கவேண்டியது உள்ளே இடம் போதாமல் வீங்கிக் கிடந்தது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு கொஞ்ச காலம் இழுத்துக்கொண்டிருந்தார், பிறகு அதுவும் முடியாமல் இறந்துபோனார்.

அந்த நாட்களில் ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில், வேகமாக நடந்துபோய்க்கொண்டிருந்த ஒரு டாக்டரை அம்மா மறித்து, பிள்ளைகளுக்கு ஏதாவது வருமா என்று கேட்டாள். அவர் நடையை நிறுத்தாமலேயே, இது பரம்பரையாக வருகிற வியாதிதான், பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். ஆனால் சொன்னதை இன்னொரு நிமிஷம் நின்று விளக்கியிருந்தால் ஒரு மனுஷியின் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். நிற்க அவருக்கு நேரமில்லை.

அம்மாவும் அத்தையும் அந்த வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். பிள்ளைகள் இரண்டு. பாதி என்றால் ஒன்று. அப்படியானால் ஒரு பிள்ளைக்கு வரும், ஒரு பிள்ளைக்கு வராது. எந்தப் பிள்ளைக்கு? இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டுமா, டாக்டர் வேண்டுமா? எதிரில் நின்றுகொண்டிருந்தாள் அவள், சேர்ந்த புருவமும் பரந்த மூக்குமாக. அத்தை அவள் முகத்தைப் பார்த்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். இருவரும் அழ ஆரம்பித்தார்கள். எதற்கு அழுகிறார்கள் என்று தெரியாமல் அவளும் கூட அழுதாள். கணக்கு முடிந்தது. கணக்கில் இரண்டு தப்பு, இரண்டும் சேர்ந்து ஒரு நிச்சயமாகிவிட்டது.

அன்றிலிருந்து அவள் சாப்பாட்டில் உப்பு நின்றது. அப்பாவுக்கு உப்பு ஆகாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள், அதனால் மகளுக்கும் ஆகாது. அடுப்பில் எது வெந்தாலும் உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு சின்னப் பாத்திரத்தில் அவளுக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுவாள் அம்மா. மூடி உடைந்த பச்சைப் பாத்திரம் அது. முதல் நாள் வாயில் வைத்துவிட்டு அவள் துப்பியபோது, அம்மா முதுகைத் தடவிக்கொடுத்து, "பழகிடும்டி, பழகிடும்" என்றாள். உப்புச்சப்பில்லாத வாழ்க்கை என்று பேச்சுக்குச் சொல்வார்கள். இவளுக்கு அது தினமும் தட்டிலேயே வந்தது.

இருபது வயதில் அவளே ஒரு டாக்டரிடம் போனாள். அவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இந்த வயதில் தெரியாமலும் இருக்கலாம், முப்பது தாண்டியதும் வந்து பாருங்கள் என்றார். ஒன்றும் தெரியவில்லை என்றதை அவள் வீட்டில் சொன்னாள். தெரியாமலும் இருக்கலாம் என்றதை மட்டும் வீடு காதில் வாங்கிக்கொண்டது. முப்பது தாண்டியதும் அவள் போகவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது, அதான் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறதே என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, அவளும் அதைக் கண்ணாடியில் தினமும் படிக்கப் பழகிவிட்டாள். தலையெழுத்தைப் பிறர் பார்க்க முடியாது என்பார்கள். இவளுடையது நெற்றிக்குக் கீழே மூக்கும் புருவமுமாக எல்லோர் பார்வைக்கும் கிடந்தது.

லாரி ஓட்டும் ஆசை இருந்ததே, அது என்ன ஆயிற்று? கனரக வாகன உரிமத்துக்குப் படிக்கப் போனவளை அம்மா வாசலில் மறித்து உட்கார்ந்துகொண்டாள். நடுவழியில் விழுந்தால் யார் தூக்குவது, உங்கப்பாவைத் தூக்கியது போதாதா என்று ஒரே புலம்பல். அவள் விட்டுவிட்டாள். ஓட்டத்தான் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கலாமே என்று யாரோ சொன்னதில் மாஸ்டரானாள். அந்தப் பேச்சுக்கு அவள் தலையாட்டியதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு அவள்மேலேயே எரிச்சல் வரும்.

கடிகாரக் கடைக்காரர் ஒருவர் பழக வந்தார். இடுக்கியால் மயிரிழை போன்ற ஸ்பிரிங்கைப் பிடிக்கிற கை, ஸ்டியரிங்கைக் கண்டால் வெடவெடக்கும். தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றார். வேண்டுமென்றே தோற்கிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம். அவருடைய பாடத்தின்போது மட்டும் பெருமூச்சு குறைவாக வந்ததை அவளே கவனித்திருந்தாள். ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது, கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டார். அவள் விஷயத்தைச் சொன்னாள். சீக்கிரம் படுக்கையில் விழப்போகிற ஆளைத் தலையில் கட்டிக்கொள்ளாதீர்கள், பிள்ளைகளுக்கும் வந்து சேரும் என்றாள். பரவாயில்லை என்றுதான் அவர் சொன்னார். அவள்தான் முடியாது என்றாள். பச்சை விழுந்து பின்னால் வண்டிகள் அலறுகிற வரைக்கும் அவர் வண்டியை எடுக்கவில்லை. இப்போது அவருக்கு இரண்டு பிள்ளைகள். இன்னமும் இரண்டாவது கியருக்கு மேலே போகாமல் கடைத்தெருவில் போவதை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்தால் பெருமூச்சு வரும், ஆனால் அது வேறு பெருமூச்சு.

தம்பி கதை நேர் எதிர். அவன் அம்மா ஜாடை, ஆகவே தப்பித்தவன். உப்பு, காரம், ஊறுகாய், வறுத்தது, பொரித்தது, எதற்கும் தடை கிடையாது. தப்பித்தவனுக்கு ஒரு பொறுப்பும் கொடுக்கப்பட்டிருந்தது. அக்காவுக்கு ஒருநாள் சிறுநீரகம் போகும், அப்போது இவன் ஒன்று கொடுக்கவேண்டும். அதனால் நன்றாகச் சாப்பிடவேண்டும், உடம்பைத் தேற்றிவைத்துக்கொள்ளவேண்டும். அவனும் நல்ல பிள்ளை, ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "நான் எங்கக்காவோட ஸ்டெப்னி" என்று கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப்போன இடத்திலேயே சொல்லிவிட்டான். அவனுக்கு அடிக்கடி தலை வலிக்கும். எந்நேரமும் போனையே நோண்டினால் தலை வலிக்காதா என்பாள் அம்மா. ஒருமுறை சிறுநீரில் ரத்தம் போனது. பந்து விளையாடும்போது இடுப்பில் அடிபட்டது என்று அவனே காரணம் சொல்லிக்கொண்டான். அக்காவுக்கு இதில் ஒன்று வந்திருந்தாலும் வீடே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கும்.

அப்படித்தான் கடைசியில் கிளம்பவும் செய்தது. ஒருநாள் பழக வந்த ஒரு அம்மாள் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்து, காரை ஒரு துணிக்கடையின் வாசல்படி வரைக்கும் கொண்டுபோய்விட்டார். மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கின் மேல் ஏறியே நின்றுவிட்டாள். இறங்கி நேரே பக்கத்து மருந்துக்கடைக்குப் போய்த் தண்ணீர் கேட்டால், கடைக்காரர் தண்ணீரோடு ரத்த அழுத்தத்தையும் பார்த்தார். எகிறியிருந்தது. எகிறாமல் என்ன செய்யும்? ஆனால் மருந்துக்கடைக்காரர் அம்மாவுக்குத் தெரிந்தவர். சாயங்காலத்துக்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாள் முழுக்கக் காரில் உட்கார்ந்து வருகிற இடுப்புவலியையும் சேர்த்துக்கொண்டு, ஆரம்பித்துவிட்டது என்று முடிவு கட்டினாள். தம்பி லீவு போட்டான். அக்காவுக்கு எந்தளவு என்று பார்க்கவேண்டும், தான் கொடுக்கத் தகுதியா என்றும் அதே நடையில் பார்த்துவிடலாம் என்றான். மூவரும் மாஸ்டரின் சொந்தக் காரில் போனார்கள். தம்பி மனைவி கைக்குழந்தையோடு வீட்டில் இருந்துகொண்டாள்.

இருவருக்கும் ரத்தம் எடுத்த பிறகு, ஸ்கேன் அறையில் அவளுக்கு முதலில் பார்த்தார்கள். ஜில்லென்று எதையோ தடவி, வயிற்றின் மேல் கருவியை இப்படியும் அப்படியும் ஓட்டிவிட்டு, எழுந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டார் ஸ்கேன் எடுக்கும் பெண். இவ்வளவு சீக்கிரமா, அவ்வளவு மோசமா என்று நினைத்துக்கொண்டே அவள் வெளியே வந்தாள். அடுத்தது தம்பி. கதவுக்கு வெளியே அவர்கள் காத்திருந்தார்கள், காத்திருந்தார்கள், அவன் வரவில்லை. கொடுக்கிறவனுடையது என்பதால் அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று அம்மா பெருமையாகச் சொன்னாள்.

டாக்டர் நடுவயதுப் பெண். மூவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, யார் அக்கா என்று கேட்டார். உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்றார். நாற்பது தாண்டியும் ஒரு கட்டிகூட இல்லையென்றால் அந்த வியாதி உங்களிடம் வரவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம், இனி நீங்கள் எதையும் நிறுத்தவேண்டியதில்லை என்றார். எதை ஆரம்பித்தேன் நிறுத்துவதற்கு என்று அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் டாக்டர் தம்பி பக்கம் திரும்பிவிட்டார். குரலைத் தாழ்த்தினார். இரண்டு பக்கமும் நிறைய கட்டிகள், ரத்த அழுத்தம் எவ்வளவு காலமாகவோ அதிகமாக இருந்திருக்கிறது, சிறுநீரகம் பாதிக்கு மேல் வேலையைக் குறைத்துவிட்டது. முன்னாலேயே வந்திருந்தால் மாத்திரையாலும் சாப்பாட்டாலும் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கலாம் என்றார்.

அம்மா சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். "ஆளு மாறிப்போச்சு டாக்டரம்மா. இவதான் அப்பா ஜாடை. இவ மூஞ்சியைப் பாருங்க" என்று மகளின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினாள். நாற்பது தாண்டியவளைப் பிறந்த குழந்தையைக் காட்டுவது போலக் காட்டினாள். மாஸ்டர் அம்மாவின் கையைத் தட்டிவிட்டாள்.

டாக்டருக்கு இந்தப் பேச்சு புதிதில்லை போலிருக்கிறது. நின்று சொன்னார், அதாவது உட்கார்ந்து, நிதானமாக. உடம்பில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு குறிப்பு இருக்கிறது, ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. உங்கள் வீட்டுக்காரரிடம் சிறுநீரகத்துக்கான இரண்டில் ஒன்று நல்லது, ஒன்று பழுது. பிள்ளைக்கு அவர் ஒன்றுதான் கொடுக்கமுடியும், எதைக் கொடுப்பது என்று பார்த்துக் கொடுக்கவும் முடியாது. கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது போலத்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக, முதலிலிருந்து. முதல் பிள்ளைக்கு எது போனது என்பது இரண்டாவது பிள்ளைக்கு எடுக்கிற கைக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் பழுது வந்திருக்கலாம், இரண்டு பேருக்கும் வராமலும் இருந்திருக்கலாம். பாதிக்குப் பாதி என்றால் அவ்வளவுதான் அர்த்தம்.

அம்மா விடவில்லை. அப்படியானால் முகம் என்றாள். முகத்துக்கு எத்தனையோ குறிப்புகள், மூக்குக்குச் சில, புருவத்துக்குச் சில, விரலுக்கு வேறு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புவதில்லை என்றார் டாக்டர். மூக்கு வந்த பிள்ளைக்குச் சிறுநீரகமும் வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்கள் மகன் பார்க்க உங்களைப் போல இருக்கிறார், ஆனால் அவரும் அப்பாவில் பாதிதான், வெளியே தெரியாத பாதி. மகளுக்கும் நீங்கள் பாதி கொடுத்திருக்கிறீர்கள், அதை யாரும் தேடிப் பார்க்கவில்லை.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் கேட்டதெல்லாம், தன்னுடையதை அக்காவுக்குக் கொடுக்கமுடியாதா என்பதுதான். பழக்கதோஷம். அக்காவுக்குத் தேவையில்லை, ஒரு காலத்தில் உங்களுக்குத் தேவைப்பட்டால் பொருந்துகிறதா என்று அக்காவிடம் பார்க்கலாம் என்றார் டாக்டர். தம்பியின் பெண்குழந்தையைப் பற்றியும் சொன்னார். அதற்கும் அதே பாதிக்குப் பாதி, இப்போதே எதையும் முடிவு செய்யாதீர்கள், ரத்த அழுத்தத்தை மட்டும் அவ்வப்போது பாருங்கள், மற்றதெல்லாம் வளர்ந்த பிறகு அவளே தீர்மானிக்கட்டும்.

வெளியே வந்து காரில் ஏறும்போது மாஸ்டருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். இல்லை. முழுக்க முழுக்க எரிச்சலாக இருந்தது. யார்மேல் என்றும் தெரியவில்லை. அத்தைமேல் என்றால் அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். நடந்துகொண்டே பதில் சொன்ன டாக்டர்மேல் என்றால் அவர் முகம்கூட நினைவில்லை. முப்பது தாண்டியும் போய்ப் பார்க்காத தன்மேல் என்றால், அந்தக் கோபத்துக்கு எல்லையே கிடையாது. லாரி போச்சு, கடிகாரக்காரர் போனார், ஒரு மனுஷி வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவதுகூடப் போச்சு, எல்லாம் உப்புப் பெறாத ஒரு மூக்குக்காக. சரி, தப்பித்தேன் என்று வாய்விட்டுச் சிரிக்கலாமா என்றால், பின்சீட்டில் தம்பி உட்கார்ந்திருக்கிறான். சந்தோஷப்படக்கூட விடமாட்டேன் என்கிறார்களே என்று நினைத்துக்கொண்டு சாவியைத் திருகினாள்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம். முன்சீட்டில் உட்கார்ந்தால், எதிரே ஏதாவது வண்டி வந்துவிட்டால் போதும், காலால் தரையை ஓங்கி மிதிப்பாள், அங்கே பிரேக் இருப்பது போல. ஒருமுறைகூட அந்த மிதியால் கார் நின்றதில்லை, அவளும் ஒருமுறைகூட மிதிப்பதை நிறுத்தியதில்லை. அன்றைக்கும் வழியெல்லாம் மிதித்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் ஏதோ நினைத்துக்கொண்டவள் போல நிமிர்ந்தாள்.

"நல்லவேளை, பாப்பா அவங்கம்மா ஜாடை" என்றாள்.

மாஸ்டர் காரை ஓரம் கட்டி நிறுத்தினாள். கைபிரேக்கை இழுத்தாள். பின்னால் வந்தவன் ஒலி எழுப்பிவிட்டுத் தாண்டிப் போனான்.

"என்னை அப்பாவை உரிச்சு வெச்ச மாதிரின்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தீங்க. உரிச்சா என்னம்மா வரும்? தோல்தான் வரும். தோலைப் பார்த்துட்டு உள்ள என்ன இருக்குன்னு சொன்னீங்க. என்னை உயிரோட படுக்க வெச்சீங்க, இவனைக் கவனிக்காம விட்டீங்க. இப்ப டாக்டர் அவ்வளவு சொல்லியும், வீட்டுக்குப் போறதுக்குள்ள பாப்பாவோட தோலை உரிக்க ஆரம்பிச்சுட்டீங்க."

அம்மா காலைத் தரையிலிருந்து எடுத்துச் சீட்டுக்கு அடியில் மடக்கிக்கொண்டாள். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"ரெண்டு பேருக்கும் பயந்திருந்தா நான் உயிரோட இருந்திருக்க மாட்டேன்டி. ஒருத்தியைப் பார்த்துப் பயந்தாப் போதும்னு நினைச்சேன்."

மாஸ்டருக்கு இதற்கு மேலும் கத்தத் தோன்றியது. கத்த முடியவில்லை. கத்த முடியாமல் போனதுதான் அன்றைக்கெல்லாம் அவளுக்குப் பெரிய எரிச்சல். ஒரு ஆள் பயப்படுவதற்குத் தோதாகத் தன் முகம் இருந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் யாரைக் கோபித்துக்கொள்வது? தம்பி பின்சீட்டிலிருந்து, "அக்கா, இப்ப நீதான் ஸ்டெப்னியா?" என்று கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்க நினைத்திருப்பான். அவள் கைபிரேக்கை விட்டு வண்டியை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது தம்பி மனைவி சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி அவளை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னான். கதவுக்கு இந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. குழந்தையை நேரே மாஸ்டரின் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனாள். குழந்தை மாஸ்டரின் வளைந்த சுண்டுவிரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. அதன் சுண்டுவிரல் எப்படியிருக்கிறது என்று பார்க்கக் கண் போனது. மாஸ்டர் பிடிவாதமாகப் பார்வையை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

மேஜையில் எப்போதும் போல இரண்டு விதமாக வைக்கப்பட்டிருந்தது. பெரிய பாத்திரத்தில் எல்லோருக்குமான உருளைக்கிழங்குக் கறி, மூடி உடைந்த பச்சைப் பாத்திரத்தில் மாஸ்டருக்கானது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். அம்மா கரண்டியை எடுத்தாள். பச்சைப் பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி அள்ளி, கை தானாக மகளின் தட்டுக்கு மேலே போய் நின்றது. அங்கேயே நின்றது. அந்தக் கை மகனின் தட்டுப் பக்கம் நகரமாட்டேன் என்றது. கரண்டி சாய்ந்து, கறி மேஜையில் சிந்தியது.

மாஸ்டர் அம்மாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள். பச்சைப் பாத்திரத்தைத் தூக்கித் தம்பியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பெரிய பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஒரு கரண்டி போட்டு வாயில் வைத்தாள். நாக்கு எரிந்தது. கடல்தண்ணீரை வாயில் ஊற்றியது போலிருந்தது. இதற்காகவா இத்தனை வருஷம் ஏங்கினோம் என்று அதற்கும் ஒரு ஆத்திரம் வந்தது. மென்று விழுங்கினாள்.

எதிரே தம்பி முதல் வாய் எடுத்து வைத்தான். மென்றான். பாதியில் நிறுத்தினான். ஒரு வாய் தண்ணீர் குடித்தான். பிறகு தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் கண் நிறைந்திருந்தது.

"இதையாக்கா இவ்வளவு வருஷமா சாப்பிட்ட?"

பழகிடும்டா என்று சொல்ல அம்மாவின் உதடு அசைவதை மாஸ்டர் பார்த்தாள். அதற்குள் முந்திக்கொண்டாள்.

"பழகாதுடா" என்றாள். "ஆனாலும் சாப்பிடு."